அடையாற்றின் ஆலமரத்தடி

அடையாறு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புற்றுநோய் மருத்துவமனை நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் ஆனந்த பவன் இனிப்பு. செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமமாக இருந்து சென்னைக்குள் வந்து சேர்ந்த கதை பக்கத்து ஊர்களுக்கும் உள்ளதுதான், அதை விடுவோம். எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியது திரு.வி.க. பாலம் தாண்டியதும் இடதுபுறம், நீண்ட மதிலுக்கு உள்ளே இருக்கிறது.

1882-இல் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் தங்கள் பிரம்மஞான சபைக்காக ஆற்றோரத்து ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கினார்கள். அன்று 27 ஏக்கர். பக்கத்துத் தோப்புகளும் சேர்ந்து இன்று 250 ஏக்கருக்கு மேல். சபையின் தத்துவம் எனக்கு என்றுமே பிடிபட்டதில்லை. ஆனால் ஒரே தோப்புக்குள் கோயில், மசூதி, தேவாலயம், புத்தர் சந்நிதி என்று தனித்தனியே கட்டி, நடுவே மரங்களை விட்டுவைத்தார்களே, அந்த மனசு புரிகிறது.

அப்பா என்னை சைக்கிள் கம்பியில் உட்காரவைத்து அங்கே கூட்டிப்போவார். போகிற இடம் ஆலமரத்தடிதான். வயது 450 என்பார்கள். அப்போது நடுவில் தாய்மரம் நின்றது. பிறகு அடித்த பெருங்காற்றில் அது சாய்ந்தது. இன்று போனால் எது அடிமரம், எது விழுது என்று சொல்ல முடியாது. மேலே கிளையில் புறப்படும் விழுது முதலில் சணல்கயிறு மாதிரி காற்றில் ஆடும். மண்ணைத் தொட்டு வேர்பிடித்தால் தடிக்கத் தொடங்கும், பிறகு கிளையையே தாங்கும். நான் எட்டிப்பிடிக்கப் போனபோது, “தொங்காதே தம்பி, அது இன்னும் தரையைத் தொடலை” என்றார் காவல்காரர். அன்று அவர் காப்பாற்றிய விழுது இப்போது தூணாகியிருக்கும்.

அன்னி பெசன்ட், ஜே. கிருஷ்ணமூர்த்தி, மரியா மாண்டிசோரி எல்லோரும் இந்த நிழலில் பேசியிருக்கிறார்கள். 1909-இல் சிறுவன் கிருஷ்ணமூர்த்தியைச் சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் கண்டது, ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள மணலில். 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவும் திருவான்மியூருக்குப் போகும்வரை இந்தத் தோப்பில்தான் வளர்ந்தது. எனக்கு முக்கியம் இவையல்ல. வேலை போனவரும் பரீட்சையில் தோற்ற பையனும் ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வர இந்த ஊரில் ஓர் இடம் இருந்தது. எனக்கும் ஒருமுறை தேவைப்பட்டது.

2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே ஏராளமான மரங்களைச் சாய்த்தது. ஆலமரம் தப்பியது. பார்வையாளருக்குக் காலையில் கொஞ்ச நேரம், பிற்பகலில் கொஞ்ச நேரம், ஞாயிறு விடுமுறை என்பது அங்கே வழக்கம். சபையாரைக் குறை சொல்லமாட்டேன்; கதவை எந்நேரமும் திறந்துவைத்திருந்தால் விழுதெல்லாம் ஊஞ்சலாகியிருக்கும்.

என் குறை நம்மைப் பற்றியது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விட்டுப்போன நிழலைத் தவிர, நாமாக ஒன்று உண்டாக்கினோமா? கழிமுகத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011-இல் வந்தது. நல்ல வேலைதான், ஆனால் நினைத்த நேரத்தில் போய் உட்கார முடியாமல், முன்பதிவு செய்தவர்களைத்தான் பல ஆண்டுகள் விட்டார்கள். ஆற்றங்கரையில் நிற்கலாமென்றால் சாக்கடை நாற்றம் குடலைப் புரட்டுகிறது. எங்கள் தெருமுனைப் பூங்காவில் உடற்பயிற்சிக் கருவி, வண்ண விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு சிமென்ட் மான் எல்லாம் இருக்கின்றன. இருந்த ஒரே புங்கமரத்தை நடைபாதைக்காக வெட்டிவிட்டார்கள். காலை ஆறு மணிக்கே ஒலிபெருக்கி. “பாட்டு போட்டாத்தான் சார் ஜனம் வரும்” என்கிறார் பராமரிப்பவர்.

அடுத்த முறை பூங்காவைப் புதுப்பிக்க யாராவது வரைபடத்தோடு வந்தால் ஒரு வேண்டுகோள்: நாலு மரக்கன்று, முதுகு சாய இரண்டு பெஞ்சு போதும். அந்த ஒலிபெருக்கியை மட்டும் கழற்றிக்கொண்டு போங்கள்.