தொலைந்துபோன 14 எழுத்துகள்

கம்மாபுரத்துக்காரர்களுக்கு விருத்தாசலம் பீங்கானைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொம்மையோ, டீ கப்போ, நிறமெல்லாம் மேலே ஊற்றிய பூச்சில்தான். கை தவறி உடைந்தால் உள்ளே வெள்ளை. மாப்பிள்ளைச் சம்பா அரிசியும் அப்படித்தான். ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள், சிவப்பு தவிட்டுத் தோலோடு நின்றுவிடும், உள்ளே வெள்ளைப் பொன்னி மாதிரியேதான். கூடுதல் விலை கொடுத்து சிவப்பரிசி வாங்கி, அதையும் பாலீஷ் போட்டுச் சாப்பிடுகிறவர்களை என்னவென்று சொல்வது!

சரி, இந்தப் பூச்சு எங்கிருந்து வருகிறது? ஃபிளேவனாய்டு என்ற பெரிய குடும்பத்துப் பொருள்கள்தான் அது. ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் வேலை தொடங்குகிறது. ஒரு நொதி அதிலிருந்து அம்மோனியாவைக் கழற்றும். இன்னும் சில கைகள் மாறியபின் சால்கோன் சின்தேஸ் என்ற நொதி துண்டுகளை ஒட்டி அடிப்படைக் கூட்டைக் கட்டும். அடுத்தது அதை வளையமாக மூடும். டி.எஃப்.ஆர். என்ற நொதி நிறத்துக்கு அருகில் கொண்டுபோய் விடும். செங்கல் சூளையில் மண் கைமாறுகிற மாதிரி. கடைசியில் சேர்வது துவர்ப்பான ஒரு பொருள். கதிர் முற்றும்போது அது சிவக்கிறது. ஒவ்வொரு நொதிக்கும் பின்னால் ஒரு மரபணு உண்டு.

அப்படியானால் வெள்ளை அரிசியில் இந்த ஆட்கள் இல்லையா? இருக்கிறார்கள். சம்பளம் வாங்குகிற ஆட்கள் அப்படியே இருக்க, வேலை சொல்கிற மேஸ்திரிதான் இல்லை. அந்த மேஸ்திரியின் பெயர் ஆர்.சி. (வண்டி ஆர்.சி. புத்தகம் அல்ல!) நெல்லின் 7வது குரோமோசோமில் இருக்கும் மரபணு இது. தோலில் நிறம் செய்யும் மரபணுக்களை எழுப்பிவிடுவது இதன் வேலை. 2006ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் குழு இதைக் கண்டுபிடித்தது. வெள்ளை நெல்லில் இந்த மரபணுவுக்குள் 14 எழுத்துகள் விடுபட்டுப் போயிருந்தன.

14 எழுத்துக்கா இவ்வளவு கலாட்டா? மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்க வேண்டும். "அவன் கடன் பணம்" என்று எழுதி, ஒரு 'வ'வை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் பிரியுங்கள். "அன்க டன்ப ணம்"! 14ஐ மூன்றால் வகுக்க முடியாது. அதனால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் உளறல், பாதியிலேயே முற்றுப்புள்ளி. 2007ல் அதே குழு உலகத்தின் பல வெள்ளை நெல் ரகங்களைச் சோதித்தபோது 100க்கு 97க்கும் மேற்பட்டவற்றில் இதே 14 எழுத்துகளே தொலைந்திருந்தன. எங்கோ ஒரு செடியில் ஒரு முறை நடந்த தவறு. அதை மனிதர்கள் விரும்பி எடுத்து விதைத்து உலகம் முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள்.

இதைவிட வேடிக்கை அமெரிக்காவின் வெல்ஸ் என்ற வெள்ளை ரகத்தில் நடந்தது. அந்த வயலில் திடீரென்று சிவப்பு அரிசி தலைகாட்டியது. கலப்படம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2008ல் வந்த ஆய்வு வேறு சொன்னது. பழைய ஓட்டைக்கு 20 எழுத்துக்கு முன்னால் இன்னொரு எழுத்தும் விழுந்துவிட்டது. 14ம் 1ம் 15. மூன்றால் வகுபடுகிறது! கணக்கு நேரானது, மேஸ்திரி எழுந்து வேலைக்கு வந்துவிட்டார். இன்னொரு பிழைதான் பழைய பிழையைத் திருத்தியது.

கருப்பு கவுனி தனிக் கதை. அங்கே மேஸ்திரி வேறு, 4வது குரோமோசோமில் இருக்கும் காலா4. தோலில் சேர்வதும் வேறு நிறமி, ஆந்தோசயனின். கவுனி ஊறிய ஊதாத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் செந்நிறமாக மாறுவது அதனால்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் கவுனியை வைத்து கோ 57 என்ற கருப்பு நெல்லை உருவாக்கியிருக்கிறது.

நிறம் போனதில் நஷ்டம் என்ன, சாப்பிட வெள்ளைதானே அழகு என்று கேட்கலாம். நஷ்டம் வயலில் இருக்கிறது. இந்த ஆர்.சி. நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை, விதையைத் தூங்க வைப்பதும் அதுதான் என்று 2011ல் தெரியவந்தது. முளைப்பைத் தடுக்கும் அப்சிசிக் அமிலத்தை விதைக்குள் கூட்டுவதும் அதன் வேலை. பக்கத்துப் பக்கத்து இரண்டு மரபணுக்கள் என்றால் பிரித்துவிடலாம். இது ஒரே ஆள் பார்க்கும் இரண்டு வேலை. நம் முன்னோர்களுக்குத் தூங்கும் விதை தொல்லைதான், விதைத்தவுடன் சேர்ந்தாற்போல் முளைக்க வேண்டாமா? களைநெல் பல ஆண்டுகள் மண்ணில் கிடந்து முளைப்பதற்கும் இந்தத் தூக்கம் ஒரு காரணம்.

ஆனால் ஐப்பசி மழை அதையெல்லாம் பார்ப்பதில்லை. கடலூர் மாவட்டத்தில் அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால், தூக்கம் குறைந்த நெல் கதிரிலேயே முளைவிட்டு நிற்கும். 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்க மாட்டோம் என்கிற கொள்முதல் நிலையத்தில் முளைத்த நெல்லை யார் வாங்குவார்கள்? தூக்கத்துக்கு ஆர்.சி. ஒன்றே பொறுப்பில்லை, 2010ல் ஜப்பானில் கண்டுபிடித்த எஸ்.டி.ஆர்.4 போன்ற வேறு மரபணுக்களும் உண்டு. வெள்ளையாகவும் வேண்டும், மழையில் முளைக்கவும் கூடாது என்றால், நெல் ஆய்வாளர்கள் இப்போது அந்தப் பக்கம்தான் தேட வேண்டியிருக்கிறது.