பொது வார்டு

கேரளத்தில் ஒரு நகராட்சி வார்டில் யார் போட்டியிடலாம் என்பதை முதலில் முடிவு செய்வது சீட்டுக் குலுக்கல். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பாக அதிகாரிகளும் கட்சிப் பிரதிநிதிகளும் கூடியிருக்கும் ஓர் அரங்கில், எந்த வார்டு பெண்களுக்கு, எது பட்டியல் சாதியினருக்கு, எது பொது என்று அறிவிக்கப்படும். ஐந்தாண்டு உழைப்பின் பலன் அந்த ஒரு முற்பகலில் கைமாறிவிடும்.

அரசியல் சாசனத்தின் 243டி பிரிவு நகராட்சி இடங்களில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அவ்விடங்களைச் சுழற்சி முறையில் ஒதுக்கலாம் என்றும் சொல்கிறது. கேரளம் 2009இல் அந்தப் பங்கைப் பாதியாக உயர்த்தியது. 2010 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. பாதி இடங்கள் பெண்களுக்கு என்றான பிறகு சுழற்சி ஏறத்தாழ ஓர் ஊசலாகிவிட்டது. இம்முறை பெண்கள் வார்டு என்றால் அடுத்த முறை பெரும்பாலும் பொது.

திருச்சூர் மாவட்டத்துச் சிறு நகராட்சி ஒன்றில் 2020 டிசம்பரில் பெண்கள் வார்டிலிருந்து வென்ற ஒருவருக்கு, 2025 அக்டோபரில் அந்த ஊசல் மறுபக்கம் போனது. வார்டு மறுவரையறையில் எல்லை சற்று நகர்ந்து, கோயிலுக்குப் பின்னிருந்த ஒரு தெரு வெளியே போய், கால்வாயை ஒட்டிய சில வீடுகள் உள்ளே வந்திருந்தன. மற்றபடி அதே வார்டு, அதே ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். பெயருக்கு முன்னால் ‘பெண்கள்’ என்ற சொல் மட்டும் இல்லை.

அவர் அரசியலுக்கு வந்த வழி கேரளத்தில் பல பெண்கள் வந்த வழிதான். குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில் சிறுசேமிப்புக் கணக்கு எழுதியவர். பின்னர் வார்டு அளவிலான பகுதி மேம்பாட்டுச் சங்கத்துக்கு வந்தவர். 1998இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு வறுமை ஒழிப்புக்கென்று உருவானது. ஆனால் வீடுவீடாகச் செல்லவும், கூட்டம் நடத்தவும், அதிகாரியின் மேசைக்கு முன் தயங்காமல் நிற்கவும் அது பெண்களைப் பழக்கிவிட்டது. எந்தக் கட்சியின் பயிற்சி முகாமும் இத்தனை பேருக்கு இதைச் செய்ததில்லை. 2020இல் பெண் வேட்பாளர் தேடி அலைந்த கட்சி அவர் வீட்டு வாசலுக்கு வந்ததும் அதனால்தான்.

2025இல் அதே கட்சி மீண்டும் வந்தது. இம்முறை ஒரு கோரிக்கையோடு. பக்கத்து வார்டு இப்போது பெண்களுக்கு ஆகியிருக்கிறது, அங்கே நில்லுங்கள். இந்த வார்டில் கூட்டுறவு வங்கியில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற தோழர் ஒருவர் நிற்கட்டும், அவர் பத்தாண்டாகக் காத்திருக்கிறார் என்றார்கள். கோரிக்கையில் கடுமை எதுவும் இல்லை. பேருந்தில் இருக்கை மாறி உட்காரச் சொல்வது போலவே சொன்னார்கள். பக்கத்து வார்டில் ஓடை எங்கே அடைத்துக்கொள்ளும் என்பதுகூடத் தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை யாரும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவர் தொலைபேசியில் அன்றிரவு நெடுநேரம் பேசினார். வேண்டாம் என்றுதான் பேசினார்.

அவர் சுயேச்சையாக மனுத்தாக்கல் செய்தார். பிணைத்தொகை 4,000 ரூபாய். மலையாள நாளிதழ்கள் இப்படிப்பட்டவர்களை ‘விமத’ வேட்பாளர் என்று எழுதும், கட்சி நீக்கியது. மனுக்களைத் திரும்பப் பெறும் கடைசி நாள் வரை வீட்டில் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர் திரும்பப் பெறவில்லை என்று உறுதியானபோது பட்டியலில் அவருடைய பெயரையே கொண்ட இன்னொரு பெண்ணும் இருந்தார். கேரளத் தேர்தலில் ‘அபரன்’ என்று தனிச் சொல்லே வழங்கும் அளவுக்கு இது பழைய தந்திரம். ஆயிரம் வாக்கு உள்ள இடத்தில் இருபது பேர் தவறான பொத்தானை அழுத்தினாலும் முடிவு மாறிவிடக்கூடும். ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிந்த வார்டுகளும், வாக்குகள் சமமாகி மீண்டும் சீட்டுக் குலுக்கலுக்கே போன வார்டுகளும் அங்கே அரிதல்ல.

முதல் முறை வாக்குக் கேட்டுப் போகிறவர் வாக்குறுதியோடு போகிறார். இரண்டாம் முறை போகிறவருக்கு ஒவ்வொரு வாசலிலும் ஒரு பழைய கணக்கு காத்திருக்கிறது. ஒரு வீட்டில் தெருவிளக்கு. ஒரு வீட்டில் ஓய்வூதியம் நான்கு மாதம் தாமதமானது. ஹரித கர்ம சேனைப் பெண்களுக்குப் பிளாஸ்டிக் கழிவு எடுக்க மாதந்தோறும் ஏன் பணம் தர வேண்டும் என்று ஒரு வீட்டில் அரைமணி நேர வாதம். எல்லாவற்றையும் விடக் கனமானது ‘லைஃப்’ வீட்டுத் திட்டத்தின் பயனாளர் பட்டியல். வார்டு சபையில் அந்தப் பட்டியல் வாசிக்கப்பட்ட அன்று பெயர் இல்லாமல் போன ஒரு விதவை, இப்போதும் தார்ப்பாய் கட்டிய கூரைக்குக் கீழே இருந்து அவரை உள்ளே வரச் சொன்னார். தேநீரும் கொடுத்தார். பட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பெயர் விடுபட்டதற்கு நிலப்பத்திரச் சிக்கல்தான் காரணம், கவுன்சிலரால் அதில் செய்ய ஏதுமில்லை. அதை அங்கே விளக்கிக்கொண்டிருக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவரை உண்மையில் நிலைகுலைய வைத்தது வேறொன்று. வாழைத்தோட்டம் வைத்திருந்த முதியவர் ஒருவர், ஓடைக்குச் சுவர் கட்டிக்கொடுத்ததை நினைவில் வைத்திருந்து அன்போடு பேசினார். கடைசியில், “மோளே, நீ நன்றாகத்தான் செய்தாய். ஆனால் இது இப்போது பெண்கள் வார்டு இல்லையே” என்றார். பெண் நிற்கவே சட்டத்தில் இடமில்லை என்று அவர் நினைத்திருந்தார். அவர் மட்டுமல்ல, சில படித்த வீடுகளிலும் அதே கேள்வி. “சேச்சி, உங்களுக்குத்தான் ஒரு முறை கிடைத்துவிட்டதே” என்று ஓர் இளைஞன் சொன்னபோது அதில் குரோதம் இல்லை, ரேஷன் கடையில் வரிசை முறை பேசும் நியாயம் இருந்தது. பொது என்பது எல்லோருக்கும் உரியது என்று சட்டம் சொல்கிறது. ஊர் அதை ஆண்கள் வார்டு என்று வாசித்துவிடுகிறது. ஒதுக்கீடு ஒரு தொடக்கம் என்று வகுக்கப்பட்டது, மெல்ல மெல்ல ஓர் எல்லைக்கோடாகவும் ஆகிக்கொண்டிருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரிகில் பவ்நானி என்ற அரசியல் ஆய்வாளர் மும்பை மாநகராட்சியின் 1997, 2002 தேர்தல்களை ஒப்பிட்டு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முந்தைய தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுப் பின்னர் பொதுவாக்கப்பட்ட வார்டுகளில் பெண் ஒருவர் வெல்லும் வாய்ப்பு, ஒதுக்கப்படாமலே இருந்த வார்டுகளைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. நம்பிக்கை தரும் முடிவு. எனினும் அப்படிப் பொதுவான வார்டுகளில் பெரும்பாலானவை ஆண்களிடமே திரும்பிச் சென்றன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. சுழற்சியை ஆதரிப்போர், ஒரு வார்டு நிரந்தரமாக ஒரு தரப்புக்கு மூடப்படக் கூடாது என்கிறார்கள், அது நியாயமே. ஆனால் நன்றாகச் செய்த உறுப்பினரை மீண்டும் தேர்ந்தெடுப்பதும், செய்யாதவரைத் தோற்கடிப்பதும் வாக்காளர் கையில் இருக்கும் கருவிகள். ஊசல் அந்த இரண்டையும் மழுங்கடிக்கிறது. அடுத்த முறை நிற்கப்போவதில்லை என்று முதல் நாளே அறிந்த ஒருவர், ஐந்தாம் ஆண்டில் ஓடையைத் தூர்வார எதற்காக மெனக்கெட வேண்டும்? பலர் மெனக்கெடவே செய்கிறார்கள். அமைப்பு அதை அவர்களிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 11 வாக்குப்பதிவு, 13 எண்ணிக்கை. நகராட்சியில் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான், ஒரு வார்டின் எண்ணிக்கை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவர் 41 வாக்குகளில் தோற்றார். பெயர் ஒத்த பெண்ணுக்கு 19 கிடைத்தது; அதைச் சேர்த்தாலும் போதாது என்பதில் அவருக்கு ஒரு விநோதமான ஆறுதல். வென்றவர் முறையாக வீடு தேடி வந்தார். ஓடை பற்றிக் கேட்டார். அவர் ஒரு தாளில் வரைந்து கொடுத்தார்.

பதிவான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றிருந்ததால் பிணைத்தொகை திரும்பக் கிடைக்கும். நகராட்சி வேட்பாளர் 75,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். அவர் அதில் பாதியும் செலவிடவில்லை. தோற்றவர்களில் பலர் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யச் சோம்பி விட்டுவிடுவார்கள். முடிவு வெளியான முப்பது நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் ஐந்தாண்டு தகுதியிழப்பு உண்டு. அவர் மூன்றாம் வாரத்திலேயே சுவரொட்டி, ஆட்டோ வாடகை, ஒலிபெருக்கி என்று ரசீதுகளை அடுக்கி, அயல்கூட்டக் கணக்கு எழுதிய அதே கையெழுத்தில் நிரப்பி, உரிய அதிகாரியிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டார். 2030இல் அந்த வார்டு பெரும்பாலும் பெண்களுக்கு வரும்.