அரும்பார்த்தபுரம் மேம்பாலமும் ஒரு கியர் சைக்கிளும்

பாண்டிச்சேரியில் எங்கள் மூலக்குளத்திலிருந்து எந்தத் திசையில் மிதித்தாலும் மலை வராது. மேற்கே வில்லியனூர் தாண்டினால் நெல்லும் கரும்பும். வடமேற்கே ஊசுடு ஏரி. கிழக்கே ரெட்டியார்பாளையம், இந்திரா காந்தி சிலை, டவுன், அப்புறம் கடல். மலையைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் செஞ்சிவரை போகவேண்டும். எங்களுக்கு ஏற்றம் என்று இருப்பது அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். ஆனாலும் எங்கள் தெருவில் பையன்கள் வைத்திருக்கும் சைக்கிள்களில் முக்கால்வாசி மவுண்டன் பைக்.

பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. குழாய் பதிக்கத் தோண்டி, பாதி மூடி, மீதியை மழைக்கு விட்டுவிட்ட தெருக்களில் மெல்லிய டயரோடு போகிறவன் ரிம்முக்குக் கோட்டம் எடுத்தே ஓய்ந்துபோவான். தடித்த டயர் இங்கே ஆடம்பரம் இல்லை. டயரோடு சேர்த்து வேறு எதையெல்லாம் நம் தலையில் கட்டுகிறார்கள் என்பதுதான் பார்க்கவேண்டியது.

தங்கை மகன் கல்லூரியில் சேர்ந்ததும் கியர் சைக்கிள் கேட்டான். இருபதாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். தேர்ந்தெடுக்கும் வேலை மாமன்காரன் தலையில் விழுந்தது. பையன் கைபேசியை நீட்டினான். கிளிப்பச்சை நிறம், முன்னும் பின்னும் ஷாக், இரண்டு டிஸ்க் பிரேக், 21 கியர், விலை பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

“எல்லாமே இருக்கு மாமா. இதுல இன்னா இல்ல, சொல்லுங்க?”

எல்லாம் இருப்பதுதான் சிக்கல். பதினெட்டாயிரத்தை இத்தனை சாமான்களுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் மிஞ்சுவது சொற்பம். இந்த விலையில் வரும் பின் ஷாக் என்பது ஒரு சுருள்வில், அவ்வளவுதான். அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் சைக்கிள் மேலும் கீழும் ஆடும். காலின் பலம் சக்கரத்துக்குப் போகவேண்டியது, ஒரு பங்கு அந்த வில்லுக்குப் போகும். எடையும் ஏறும். மேம்பாலம் ஏறும்போது அந்த எடை தெரியும்.

முன் ஷாக்கும் இந்த விலையில் ஏறக்குறைய அலங்காரம்தான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைதான் போர்க்; நல்ல போர்க்கில் உள்ளே காற்றும் எண்ணெயும் வேலை செய்யும். அமுங்கியது துள்ளாமல் நிதானமாகத் திரும்பி வரும். அந்த மாதிரி போர்க் வேண்டுமானால் சைக்கிள் விலை அரை லட்சத்தைத் தாண்டிவிடும். மலிவு போர்க்கில் வில் மட்டும் இருக்கும். எங்கள் கடற்கரைக் காற்றில் ஒரு மழைக்காலம் போனால் அதுவும் துருப்பிடித்து இறுகிப்போகும். அப்புறம் அது ஷாக் இல்லாத போர்க்தான், எடை மட்டும் கூடுதல்.

இதைச் சொன்னால், ஷாக் இல்லாமல் மவுண்டன் பைக்கா என்று பையன் சிரித்தான். அவனுக்குக் கலிபோர்னியாக் கதையைச் சொன்னேன். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமால்பைஸ் மலைப்பகுதியில் 1976-ல் சில இளைஞர்கள் செங்குத்தான மண்பாதையில் சைக்கிளில் விரைந்திறங்கிப் பந்தயம் நடத்தினார்கள். அவர்கள் ஓட்டியது பழைய கனத்த ஷ்வின் சைக்கிள்கள், பலூன் டயர், பின்னால் மிதித்து நிறுத்தும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் சூட்டில் ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பந்தயத்துக்குப் பெயரே ‘ரீபேக்’. அந்தக் கூட்டத்திலிருந்த ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கென்றே ஒரு பிரேம் செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. எதிலும் ஷாக் கிடையாது. ராக்ஷாக்ஸ் போர்க் வந்ததே எண்பதுகளின் கடைசியில்தான். நிஜமான மலையிலிருந்து ஷாக் இல்லாமல் இறங்கியிருக்கிறார்கள். நாம் மூலக்குளத்திலிருந்து பால் வாங்கப் போகிறோம்.

“பால் வாங்க இல்ல மாமா, ஆரோவில் ட்ரெயில்” என்றான்.

அது நியாயமான பதில். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது மரமே இல்லாத செம்மண் மேடாக இருந்த இடம் அது. நட்டு வளர்த்த காட்டுக்குள்ளே இப்போது ஓடும் மண்பாதைகள் சைக்கிள்காரனுக்குச் சொர்க்கம். கோடையில் செம்புழுதி மாவாகக் கிடக்கும், வேகமாகத் திரும்பினால் முன்சக்கரம் வழுக்கும். ஐப்பசி மழையில் அதே மண் டயரில் அப்பி, போர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆகவே டயரைச் சுற்றி இரண்டு விரல் போகிற இடைவெளியாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். இதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

ஆனால் அந்த மண்பாதைக்குப் போய்ச் சேரும்வரை தார்ச்சாலைதானே? போகவர மிதிக்கும் தூரத்தில் மண் கொஞ்சம், தார்தான் மிச்சமெல்லாம். பெரிய பெரிய மொட்டு வைத்த டயர் தாரில் கரகரவென்று இழுக்கும். நடுவில் தட்டையாகவும் ஓரங்களில் மொட்டாகவும் உள்ள இரண்டு அங்குல டயர் இரண்டுக்கும் ஒத்துவரும். காற்றைக் கொஞ்சம் குறைத்து 35 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்தால் அந்த டயரே பாதி ஷாக்கின் வேலையைச் செய்துவிடும், காசில்லாமல். ஏரிக்கரைப் பக்கம் சீமைக்கருவேல முள் காத்திருக்கும். அதனால் மோட்டார் பைக்குக்குப் போடுகிற அதே வால்வு உள்ள டியூப் நல்லது, எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடித்துக்கொள்ளலாம்.

பலரும் பார்க்காத இன்னொரு இடம் பின் ஹப். மலிவு கியர் சைக்கிளில் பல்சக்கரக் கொத்து ஹப்பின்மேல் மரை போட்டுத் திருகியிருக்கும், அது ப்ரீவீல். அந்த அமைப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், ஆக்ஸில் வெளியே தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். கனமான ஆள் பள்ளத்தில் இறக்கினால் வளையும், சில நேரம் முறியும். கொத்தைத் திருகாமல் செருகுகிற கேஸட் ஹப்பில் பேரிங் ஓரத்துக்கு வந்துவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. ஒல்லிப் பையனுக்கு ப்ரீவீல் போதும். என்னைப்போன்ற உடம்புக்காரர்கள் கூடுதலாகக் காசு போடவேண்டிய இடம் இதுதான்.

பிரேக் விஷயத்தில் எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணன் தெளிவாக இருந்தார். “ஆயில் பிரேக் சூப்பரா புடிக்கும் தம்பி. ஏர் ஏறிட்டா எங்கிட்ட கொண்டாராதீங்க.” ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று எடுக்கத் தனிச் சாமான் வேண்டும், அதற்குரிய எண்ணெய் வேண்டும். கேபிள் இழுக்கும் டிஸ்க் அவ்வளவு அழுத்தமாகப் பிடிக்காது, ஆனால் தெருமுனையிலேயே சரியாகும். ஊரில் யார் கை வைக்கமுடியும் என்பதும் விலையோடு சேர்ந்ததுதான்.

அளவைப் பற்றி வீட்டில் பெரிய விவாதம். வளர்ற புள்ள, பெரிசாகவே எடுத்துவிடலாம் என்றாள் தங்கை. பள்ளிச் சீருடை என்றால் கீழே மடித்துத் தைத்துவிட்டு வருஷா வருஷம் பிரித்துவிடலாம், பிரேமை என்ன செய்வது? பாரின்மேல் காலை அகட்டி நின்றால் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நீளவேண்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கவேண்டும். இது சரியில்லையென்றால் மற்ற எது சரியாக இருந்தும் இடுப்புவலிதான் மிச்சம். கைபேசியில் பார்த்து வாங்கக்கூடாது என்று நான் சொல்வது முக்கியமாக இதற்காக. இன்னொரு காரணமும் உண்டு. பெட்டியில் வரும் சைக்கிளை வீட்டில் நாமே பூட்டவேண்டும். முன்போர்க்கைப் பின்புறமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு கம்பீரமாகப் போகிறவர்களை விழுப்புரம் சாலையில் நான் பார்த்திருக்கிறேன். நிறுத்திச் சொன்னால் கோபம்வேறு வருகிறது.

வெளியூர் நண்பர்கள், பாண்டிச்சேரியில் எல்லாம் மலிவாமே என்பார்கள். அது பெட்ரோலுக்கும் அந்த இன்னொரு சமாசாரத்துக்கும்தான். சைக்கிளுக்கு நாடு முழுக்க ஒரே ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. விலை பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய சைக்கிளையும் பார்த்தோம். ஊர் திரும்புகிறவர்களும் படிப்பு முடிந்து போகிறவர்களும் விற்பதில் அருமையான சாமான் கிடைப்பதுண்டு. ஹேண்டிலுக்குக் கீழே வெல்டிங் பக்கம் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அலுமினியம் விரிந்தால் சாதாரணப் பட்டறையில் பற்றவைத்து நம்பி ஓட்டமுடியாது. செயினுக்கு ஓரடி ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு விழவேண்டும். ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம், தள்ளிப் போயிருந்தால் செயினோடு பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.

கடைசியில் அவன் எடுத்தது ஷாக் இல்லாத போர்க், அலுமினிய பிரேம், கேபிள் டிஸ்க், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு. பதினாறாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. மிச்சத்தில் ஹெல்மெட், பூட்டு, பின்விளக்கு வாங்கினோம். இரவில் லாரியும் பஸ்ஸும் போகிற சாலையில் பின்விளக்கு இல்லாமல் அவனை விடமாட்டேன் என்பது என் நிபந்தனை. மட்கார்டு மட்டும் வேண்டவே வேண்டாம், அசிங்கமாக இருக்கும் என்று அடம்பிடித்தான்.

முதல் மழைக்கு ஆரோவில் போய்விட்டு வந்தவன் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்துவரை செங்கோடு. மறுநாள் காலையில் தங்கையின் போன்: “அந்தச் செம்மண் கறை எதுக்கும் போவமாட்டேங்குதுண்ணே. அந்த மட்கார்டு எவ்ளோன்னு கேட்டு வாங்கியாந்துடு, காசை நான் தர்றேன்.”