கைப்பேசிக் கங்காணி

"பால்மரம் வெட்டிய காலத்தில் எனக்கு ஏது தொந்தி?" என்று கேட்பவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மேடு பள்ளம் ஏறி இறங்கி, பால்வாளி சுமந்த உடம்பு அது. இன்றும் அதே தட்டுச் சோறுதான். அந்த நடையும் சுமையும் போய்விட்டன. முதலில் எடை ஏறுகிறது, பின்னால் இனிப்புநீர் வருகிறது.

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கிலுள்ள என் அக்காள் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். எடையைக் குறைக்குமாறு மருத்துவர் சொன்னதால், அக்காளும் அத்தானும் கைப்பேசியில் நினைவூட்டும் திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தார்கள். செய்தி எழுத ஆள் கிடையாது. இயந்திரமே நேரம் பார்த்து அனுப்பும். "இன்று எவ்வளவு நடந்தீர்கள்?" "இரவில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள்." சிங்கப்பூருக்கு இது புதிதன்று. மக்களின் அடிகளை எண்ணிப் பரிசு தரும் இயக்கத்தை அங்குள்ள சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இலேயே தொடங்கிவிட்டது.

அக்காளுக்கு அந்தச் செய்தி ஒரு துணை. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பேச ஆளில்லாத வீடு. மாலையில் மணி ஒலித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ரேஸ் கோர்ஸ் சாலை வழியாகப் பெருமாள் கோயில் வரை நடந்து வருவார். 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த வட்டாரம் அது. "நடந்தாயா என்று என்னைக் கேட்க இது ஒன்றுதானே இருக்கிறது!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தானுக்கோ அது கங்காணி. அவர் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து கைப்பேசியைத் திறந்தால், "எழுந்து பத்து நிமிடம் நடங்கள்" என்று நண்பகலில் வந்த செய்தி காத்திருக்கும். "பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டா நடப்பது?" என்பார். மூன்றாம் வாரமே மணியை அடைத்துவிட்டார். அவருடைய வேலை நேரமும் பசி நேரமும் இயந்திரத்துக்குத் தெரியவில்லை.

அப்படியானால் பயனே இல்லையா? சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் நீரிழிவை நெருங்கிக்கொண்டிருந்த 537 ஆண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் எல்லாருக்கும் அறிவுரை சொன்னார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மட்டும், அவரவர் நிலைக்கேற்பத் தொடர்ந்து குறுஞ்செய்தி அனுப்பினார்கள். செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் வந்தது. பெற்றவர்களில் 18 பேருக்கு வந்தது. சிறு நினைவூட்டல்தான், ஆளறிந்து சொன்னால் பலிக்கிறது.

அத்தானும் நடக்காமல் இல்லை. ஓய்வுநாளில் அக்காள் தமக்கு வந்த செய்தியை உரக்கப் படித்துவிட்டு, "வாங்க, கோயில் வரைக்கும் போய் வரலாம்" என்பார். மணியை அடைத்த மனிதர் மறுபேச்சின்றி எழுந்துவிடுவார்.

சகோதர சகோதரிகளே, உங்கள் கைப்பேசியிலும் இத்தகைய செய்தி வந்தால் தள்ளிவிடாதீர்கள். உங்களுக்கு ஓய்வான நேரத்துக்கு அதை மாற்றி வையுங்கள். வந்த செய்தியை வீட்டில் உரக்கப் படியுங்கள். சோறு போடுபவர் காதிலும் விழட்டும். கைப்பேசி இல்லாத பெரியவர் இருந்தால், மாலையில் நீங்களே போய்க் கூப்பிடுங்கள். அவரைக் கேட்க வேறு யாரும் இல்லாமல் இருக்கலாம்.