ரோஜாக் கூடை: லண்டனிலிருந்து புரே வரை

லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் சுமார் இரண்டடி அகலமுள்ள தைலவண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. பெயர் ‘ரோஜாக் கூடை’. தீட்டியவர் ஆன்ரி ஃபாந்தேன்-லாத்தூர், ஆண்டு 1890. மேசைமேல் ஒரு சிறு கூடை, அது கொள்ளாமல் வழியும் ரோஜாக்கள். அவ்வளவுதான். பின்னால் இருப்பது சுவரா திரையா என்று சொல்ல முடியாத மங்கல் பரப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால், வெள்ளை ரோஜாவில் வெள்ளை குறைவு என்பது தெரியும். இதழ் மடிப்புகளில் சாம்பல் நிறம் படிந்திருக்கிறது. வெளிச்சம் விழும் விளிம்பில்தான் வெள்ளைச் சாயம் கெட்டியாக நிற்கிறது.

ஃபாந்தேன் 1836-இல் பிரான்ஸின் க்ரெனோபிள் நகரில் பிறந்தார். முதல் ஆசான் ஓவியரான தந்தையே. பின்னர் பாரிஸில், பார்த்ததை மனத்தில் பதித்து நினைவிலிருந்தே வரையப் பழக்கிய லெகோக் த புவாபோத்ரானிடம் பயின்றார். லூவ்ர் அருங்காட்சியகத்தில் பழைய மேதைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தார். அவர் மணந்த விக்டோரியா துபூர் அறிமுகமானதும் அங்கேதான். அவரும் தேர்ந்த பூ ஓவியர். கணவரின் புகழ் நிழலில் அவர் பெயர் மங்கியது நியாயமே இல்லை.

ஃபாந்தேனுக்குச் சோறு போட்டவை பூக்கள். அவற்றை வாங்கியது இங்கிலாந்து. ஓவியர் விஸ்லரின் அழைப்பில் 1859-இல் லண்டன் சென்றவருக்கு அங்கே எட்வின் எட்வர்ட்ஸ், ரூத் தம்பதியரின் நட்பு கிடைத்தது. அவர்கள் ஆங்கிலேயரிடம் பூப்படங்களை விற்றுக் கொடுத்தார்கள். எட்வின் 1879-இல் காலமான பிறகும் ரூத் அதைத் தொடர்ந்தார். இதனால் சொந்த நாட்டில் பூ ஓவியராக ஃபாந்தேனை அறிந்தவர்கள் சிலரே. பாரிஸ் பார்த்தது அவருடைய குழு உருவப்படங்களையும், வாக்னரின் இசையிலிருந்து பிறந்த கற்பனைக் காட்சிகளையும்தான். அந்தக் கற்பனைக் காட்சிகளைவிட இந்தப் பூக்களே உயர்ந்தவை என்று தயங்காமல் சொல்லலாம்.

பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்திலுள்ள ‘மேசையின் மூலை’ (1872) என்ற குழுப்படத்தில் வெர்லேன், ரிம்போ உள்ளிட்ட கவிஞர்கள் கூடியிருக்கிறார்கள். அந்த இருவரோடு சேர்ந்து படத்தில் இருக்க ஆல்பெர் மெரா என்ற கவிஞர் மறுத்துவிட்டார். அவருக்குரிய இடத்தில் ஃபாந்தேன் பூக்களைத் தீட்டினார். ஒரு மனிதரின் இடத்தை நிரப்பும் அளவுக்கு அவர் பூக்களுக்குக் கனம் இருந்தது. ஒவ்வொரு ரோஜாவையும் தனி முகமாகப் பார்த்தவர் அவர்.

கோடைக்காலங்களில் ஃபாந்தேனும் விக்டோரியாவும் நார்மண்டியின் புரே என்ற சிற்றூருக்குப் போய்விடுவார்கள். அங்கே விக்டோரியாவின் உறவினர் வழியில் வந்த வீடும் தோட்டமும் இருந்தன. தோட்டத்தில் பறித்த பூக்கள் வாடுவதற்குள் படத்தை முடித்தாக வேண்டும். 1904 ஆகஸ்ட் 25-இல் அதே ஊரில் ஃபாந்தேன் இறந்தார். அவருடைய படைப்புகள் அனைத்துக்கும் விக்டோரியா தொகுத்த பட்டியல் 1911-இல் வெளிவந்தது. ‘ரோஜாக் கூடை’ 1983-இல் ‘நியூ ஆர்டர்’ இசைக்குழுவின் இசைத்தட்டு அட்டையிலும் இடம்பெற்று, ஓவியரின் பெயர் தெரியாத இளைஞர்களின் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

லண்டன் கலைக்கூடத்தின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஓர்சேவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பாரிஸ் செல்பவர்கள் அதற்கேற்பத் திட்டமிடுவது நல்லது.