மணி பொறுக்கிய பிள்ளைகள்

கல்விச் சுற்றுலாவில் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே அரிக்கமேட்டு மணிகளைப் பார்த்தேன். 1937-இல் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த கற்களை ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் காசு கொடுத்து வாங்கினாராம். ஒரு கல்லில் இருந்த முகத்தை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்றார். 1945-இல் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். துப்ரேயும் அதே ஆண்டு காலமானார்.

அவர் பெயரை டீச்சர் சொன்னாங்க. “அந்தப் பிள்ளைங்க பேரு என்ன டீச்சர்?” என்று கேட்டேன். “யாரும் எழுதி வைக்கலைம்மா” என்றாங்க.

எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. நாலாவது படிக்கும்போது கொல்லையில் கிடைத்த பச்சை மணியை, சத்தம் கேட்கக் கிணற்றில் போட்டவள் நான். அவங்க போடலையே!

பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கு என் வணக்கம். தோழிகளே, உங்களுக்கு ஏதாவது கிடைத்தால் டீச்சரிடம் காட்டுங்க.

— 9-ஆம் வகுப்பு மாணவி