டிரம் ஓடிய நேரம்

சாலிகிராமம், வடபழனிப் பக்கம் ஒரு காலத்தில் தெருவுக்கு இரண்டு எடிட்டிங் ஸ்டூடியோ இருக்கும். அன்றிரவு ஒளிபரப்பாக வேண்டிய எபிசோடின் கேசட்டை வாங்கிக்கொண்டு சேனலுக்கு பைக்கில் பறக்கும் பையன்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். அந்த ஓட்டம் ஓய்ந்து வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் ஒரு மாடி அறையில் டிஜி-பீட்டா மெஷின் இன்னும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பழைய தொடர்கள், விளம்பரங்கள், ஆவணப்படங்கள் என்று வந்து சேரும் டேப்புகளைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றித் தருகிறார்கள். மெஷினைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பதைக் கடந்த டெக்னீஷியன். உதவிக்கு ஒரு இளம்பெண்.

சுவரோரம் நீல நிறக் கேசட்டுகள் அடுக்கியிருந்தன. பீட்டாகேம் குடும்பத்தில் நிறத்தை வைத்தே ரகம் சொல்லிவிடலாம். டிஜிட்டல் பீட்டாகேம் நீலம், எஸ்.எக்ஸ். மஞ்சள், ஐ.எம்.எக்ஸ். பச்சை. சோனி 1993இல் கொண்டுவந்த டிஜிட்டல் பீட்டாகேம்தான் தொலைக்காட்சிக்காரர்கள் பல வருடம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய மாஸ்டர் டேப். பெரிய கேசட்டில் 124 நிமிடம் பிடிக்கும். அதற்குள் சுற்றியிருப்பது 700 மீட்டருக்கு மேல் நீளமான அரை அங்குல டேப்.

அந்த டேப் வினாடிக்குப் பத்து சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை. ஆனால் அதைப் படிக்கும் ஹெட்டுகளைத் தாங்கிய டிரம், நம் நாட்டு பால் (PAL) ஒளிபரப்பு முறையில், வினாடிக்கு 75 முறை சுழல்கிறது. கணக்குப் போட்டால் டேப்பின் மேல் ஹெட் உரசிப்போகும் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஒவ்வொரு டேப் ஓடும்போதும் ஹெட் கொஞ்சம் தேய்ந்துகொண்டே இருக்கிறது.

டெக்னீஷியன் மெஷினின் மெனுவைத் திறந்து எச்12 என்ற வரியைக் காட்டினார். நான்கு இலக்கத்தில் ஒரு எண். "டிரம் ஓடின நேரம் சார். வண்டிக்குக் கிலோமீட்டர் மாதிரி. டிரம் புதுசா கிடைச்சா மாத்தி, இதை ஜீரோவாக்கிடலாம். எங்க கிடைக்குது?" பீட்டாகேம் மெஷின் விற்பனையை சோனி 2016இல் நிறுத்திவிட்டது. இன்று உதிரிப்பாகம் என்பது செத்த மெஷினிலிருந்து கழற்றுவதுதான். அடுத்த மேசையில் அப்படி ஒன்று மூடி திறந்து, டிரம் இல்லாமல் கிடந்தது.

எந்தக் கேசட்டையும் அவர் நேரே உள்ளே தள்ளுவதில்லை. முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கேசட்டின் கண்ணாடி வழியே டேப் சுற்றின் ஓரத்தைப் பார்க்கிறார். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை. சென்னைப் புழுக்கத்தில் லாஃப்டில் பத்து வருடம் கிடந்த கேசட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருமாம். அவற்றைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல்லோடு உலரவைத்து, ஹெட் தேய்ந்த வேறொரு மெஷினில் ஓடவிட்டுத் துடைத்த பிறகுதான் நல்ல மெஷினுக்கு அனுமதி.

பிறகு ஹெட் துடைப்பு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆல்கஹாலில் நனைத்த ஷமாய் தோல் துண்டை டிரம்மின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மறுகையின் விரலால் டிரம்மை மெல்லச் சுற்றினார். பிடித்த கை அசையவே இல்லை. துண்டை மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். உடைந்தால் அந்த மெஷினின் கதை அங்கேயே முடிந்தது. எடுத்துப் பார்த்தபோது தோலில் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அதைப் பெண்ணிடம் காட்டினார். அவள் தலையாட்டிவிட்டு இன்னொரு துண்டை நனைத்துக் கொடுத்தாள்.

கேசட் உள்ளே போய், டேப் டிரம்மைச் சுற்றிக்கொண்டது. கலர் பார் வந்தது, டோன் கேட்டது, பிறகு படம். எனக்குக் குறையே தெரியவில்லை. அவர் படத்தைப் பார்க்கவும் இல்லை. மெஷின் முகப்பில் இருந்த 'சேனல் கண்டிஷன்' விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை, சற்று நேரத்தில் மஞ்சள், மறுபடி பச்சை.

அந்தப் பார்வையின் காரணம் புரிந்தபோதுதான் இந்த வேலை எவ்வளவு கடினம் என்று உறைத்தது. பழைய அனலாக் டேப் கெட்டுப்போக ஆரம்பித்தால் படத்தில் வெள்ளைக் கீற்றுகள் விழும், நிறம் மங்கும். டிஜிட்டல் டேப் அப்படிக் காட்டிக்கொடுக்காது. படிக்க முடியாமல் போன இடத்தை மெஷினுக்குள் இருக்கும் பிழைத்திருத்தக் கணக்கு நிரப்பிவிடும். அதுவும் போதாவிட்டால் பக்கத்துப் புள்ளிகளை வைத்து ஒப்பேற்றும். பிழை எல்லை தாண்டிய பிறகுதான் படம் கட்டம்கட்டமாகச் சிதறும், அல்லது அப்படியே நின்றுவிடும். பார்வைக்கு அருமையாக இருக்கும் டேப் அந்த எல்லைக்கு ஒரு அடி முன்னால் நின்றுகொண்டிருக்கலாம். அதைச் சொல்ல அந்தச் சின்ன விளக்கை விட்டால் கண்ணுக்கு வேறு சாட்சி இல்லை.

விளக்கு மஞ்சளாகும் ஒவ்வொரு இடத்தின் டைம்கோடையும் அந்தப் பெண் நோட்டில் குறித்துக்கொள்கிறாள். நல்ல ஹெட் என்றைக்காவது கிடைத்தால் அந்த இடங்களை மட்டும் திரும்ப ஓட்டினால் போதும். ஒரு மணி நேரப் பதிவை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். வேகமாக எடுக்க வழியில்லை. அதனால் ஒரே தடவையில் முழுத் தரத்தில், பத்து பிட்டில் எடுத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் பென்டிரைவில் சின்ன ஃபைல் போதும் என்றாலும் டெக்னீஷியன் பெரியதையும் கட்டாயப்படுத்திக் கொடுக்கிறார். "அடுத்த தடவை அவங்க வரும்போது மெஷின் இருக்கணுமே சார்." யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐ.ஏ.எஸ்.ஏ.வும் 2019இல் விடுத்த காந்த நாடா எச்சரிக்கை இதைத்தான் சொன்னது: 2025 வாக்கில் இந்த டேப்புகளை ஓட்டிப் பார்ப்பதே முடியாமல் போகலாம்.

அப்படியானால் எதை முதலில் ஓட்டுவது? நான் இருந்தபோது ஒருவர் தெருக்கூத்துக் கலைஞர்களைப் பற்றிய பழைய ஆவணப்படத்தின் பெட்டியோடு வந்தார். மாஸ்டரை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றார். டெக்னீஷியன் அடியிலிருந்த சின்னக் கேசட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார், எல்லாம் 40 நிமிட ரஷ், அதாவது வெட்டித் தொகுக்காத மூலப் பதிவு. "மாஸ்டர் டிவிடில எங்கயாவது இருக்கும் சார். வெட்டாத கூத்து இதுல மட்டும்தான் இருக்கு. அவங்கள்ல எத்தனை பேர் இன்னைக்கு இருக்காங்க?" வந்தவர் பதில் சொல்லவில்லை. டேப் விலைக்குப் பயந்து ரஷ் கேசட்டிலேயே அடுத்த படப்பிடிப்பை எடுத்து அழித்த ஒரு துறையில், இந்த ரஷ் மிஞ்சியதே பெரிய விஷயம். டெக்னீஷியன் சொன்னதுதான் சரி என்று நானும் சொன்னேன். பட்ஜெட்டைப் பற்றிச் சற்று நேரம் பேசிய பிறகு, முதலில் ரஷ் என்று முடிவானது.

அவர் முதல் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மதுரையிலிருந்து ஒரு போன். கல்யாண வீடியோ, மினி டிவி (MiniDV) கேசட். "எடுத்த கேமரா இருக்காம்மா? ரிப்பேரா இருந்தாலும் பரவாயில்ல, தூக்கிப் போட்டுடாதீங்க. இந்த கேசட்ல ஒரு டிராக் ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்குதான். எடுத்த கேமரா கொஞ்சம் பிசகி எழுதியிருந்தா அதே கேமராதான் ஒழுங்காப் படிக்கும். கேசட்டோட சேர்த்து அதையும் அனுப்பிடுங்க."